இந்த வருஷம் வியட்நாம்

பூதலூர் ரயிலடிக்குப் போகும் சாலையில் இராஜாங்கத்தின் உரக்கடை இருக்கிறது. சம்பா அறுவடை முடிந்து, வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டர்களைத் தவிர நடமாட்டம் இல்லாத மாசி மாதத்து மத்தியானம். பூச்சிமருந்து கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி செந்தில்குமார் இனிப்புப் பெட்டியோடு கடைக்குள் வந்தான்.

“சார், டார்கெட்ட முடிச்சிட்டீங்க. டூர் கன்ஃபர்ம்.”

“பாங்காக்தானே?” என்று யூரியா மூட்டைமேல் உட்கார்ந்திருந்த வாடிக்கைக்காரர் ஒருவர் கண்ணைச் சிமிட்டினார்.

“பாங்காக்கெல்லாம் பழைய கதைண்ணே. இப்ப அதை யாரும் கேக்குறதே இல்ல. போன வருஷம் கும்பகோணம் பக்கத்து டீலருங்கள ரஷ்யா பக்கம் அல்மாட்டின்னு ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போனோம். பனிமலையெல்லாம் பார்த்துட்டு வந்தாங்க. இந்த வருஷம் வியட்நாம். அதுவும் ஜோடியாத்தான் வரணும். பாங்காக்னாலே வீட்டுல விடமாட்டேங்குறாங்கன்னு மேலிடத்துலயே மாத்திட்டாங்க.”

இராஜாங்கத்தின் முகம் செத்துப்போனது. மேஜைக்குப் பின்னால் பில் போட்டுக்கொண்டிருந்த நீலாம்பாள் அதைப் பார்த்தாள்.

“தம்பி, எனக்கு டூரெல்லாம் வேணாம். தங்கக் காசாக் குடுக்கச் சொல்லேன்” என்றார் அவர்.

“இந்தத் தடவை காசு ஸ்கீம் கெடையாது சார்.”

“நான் வர்றேன்” என்றாள் நீலாம்பாள்.

கடையில் இருந்த மூன்று ஆண்களும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு இது வேண்டும் என்று அவள் வாய் திறந்து சொல்லி வருஷக்கணக்காகிவிட்டது. அவளுக்கு வியட்நாம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. வெளிநாட்டில் கால் வைத்ததும் இந்த மனுஷன் என்னவாக மாறுகிறார் என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் வர்றேன் என்றாள்.

நீலாம்பாளுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. பிறந்தது திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். பிளஸ் டூ முடித்துவிட்டு அவளும் இரண்டு வருஷம் நடவுக்குப் போயிருக்கிறாள். இராஜாங்கத்தின் வீடும் அப்படிப்பட்டதுதான். தஞ்சாவூர் உரக்கடையில் மூட்டை சுமந்து, தொழில் கற்று, லைசென்ஸ் வாங்கி, சொந்தக் கடை போட்டவர். அவருடைய அப்பா யார் வயலில் மடை திருப்பினாரோ, அந்த வீட்டுப் பிள்ளைகளே இன்று ‘அண்ணே, இலைச்சுருட்டுக்கு என்ன அடிக்கலாம்?’ என்று கேட்டு வருவார்கள். நீலாம்பாள் பில் போடவும் ஸ்டாக் பார்க்கவும் கற்றுக்கொண்டாள். தமிழ்நிலா என்று ஒரே மகள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் இருவரும் ஒருவரை ஒருவர் சீண்டிச் சிரித்துக்கொண்டுதான் குடும்பம் நடத்தினார்கள்.

2016இல் முதல் டூர் வந்தது. டீலர்கள் மட்டும், பாங்காக். அந்தத் தெருவிலிருந்து சம்பாத்தியத்துக்கு வெளிநாடு போனவர்கள் உண்டு, சுற்றிப் பார்க்கப் போகிற முதல் ஆள் இராஜாங்கம். இளைஞர்கள் ரயிலடி வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் கட்டினார்கள். அவர் ஜென்மத்தில் போட்டிராத கோட்டை அவருக்குப் போட்டுவிட்டு, பின்னால் ஒரு விமானத்தைப் பறக்கவிட்டிருந்தார்கள்.

அவர் புறப்பட்ட மறுநாள் நீலாம்பாள் ஒரு கல்யாண வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“ஒன் வீட்டுக்காரரு பாங்காக்கு போயிருக்காராமே? ஆம்பளைங்க மட்டுமா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“ஆமா.”

“ஆம்பளைங்க கூட்டமா அங்க கோயில் பார்க்கவா போவாங்க?”

எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். நீலாம்பாளும் சிரித்தாள். அப்புறம் இன்னொருத்தி தன் தம்பி சொன்னதாகச் சில விஷயங்களைக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். நீலாம்பாளுக்கு வெங்காயத்தின் எரிச்சலில் கண் தெரியவில்லை.

இராஜாங்கம் திரும்பி வந்தார். வாசனைச் சோப்பு, சாக்லெட், கோடாலித் தைலம், ஒரு பூப்போட்ட கம்பளி எல்லாம் கொண்டுவந்தார். ஆனால் மனைவியின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

“என்னென்ன பாத்தீங்க?” என்று கேட்டாள்.

“என்னத்தப் பாத்தேன், எல்லாந்தான்” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அந்த ஒரு பதில் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. பத்தாவது படிக்கிற பெண்ணுக்குத் துணை வேண்டும் என்று சொல்லிப் பாயைத் தமிழ்நிலாவின் அறைக்கு மாற்றினாள். சில வாரம் கழித்து, தஞ்சாவூருக்குத் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய், அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் என்று எழுதியிருந்த அறை வாசலில் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு நின்றாள். எய்ட்ஸ் இருக்கிறதா என்று பார்க்கிற இடம் அது. அவர் தொட்ட சோப்பு, குடித்த டம்ளர் வழியாகக்கூட ஒட்டிக்கொள்ளுமோ என்று அவளுக்குப் பயம். ரத்தம் எடுத்த பெண், “உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருக்காம்மா?” என்று அன்பாகத்தான் கேட்டாள். நீலாம்பாள் பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்தாள். ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. 2018இல் அவர் மறுபடி பாங்காக் போய் வந்தார். அவளும் மறுபடி போய் அதே வாசலில் நின்றாள்.

அவள் கேட்கவில்லை, அவரும் ஏன் அந்த அறைக்குப் போய்விட்டாய் என்று கேட்கவில்லை. சோறு போட்டாள், கடையில் உட்கார்ந்தாள், விசேஷங்களுக்குச் சேர்ந்து போய் மொய் எழுதினார்கள். மகள் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் நீலாம்பாளின் படுக்கை அந்த அறையிலேயே இருந்தது. எட்டு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

பயண நாளன்று திருச்சி விமான நிலையத்தில் நன்னிலம் டீலர் இளையபெருமாளும் அவர் மனைவி பூவிழியும் இவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். காலையில் கோலாலம்பூர் விமானம், அங்கே சில மணி நேரம் காத்திருந்து வியட்நாமுக்கு அடுத்த விமானம். பூவிழி வாய் ஓயாத பெண். முதல் பத்து நிமிஷத்திலேயே நீலாம்பாளை அக்கா ஆக்கிக்கொண்டாள்.

விமானத்தில் இராஜாங்கம் இடுப்புப் பட்டையை இரண்டு கையாலும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது மாட்டவில்லை. பணிப்பெண் குனிந்து மாட்டிவிட்டாள். விமானம் ஓடத் தொடங்கியதும் அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. விமானத்தின் மூக்கு மேலே எழும்பிய நொடியில் நீலாம்பாளின் மணிக்கட்டை அவர் பிடித்த பிடியில் இரண்டு கண்ணாடி வளையல்கள் நொறுங்கின. உதடு வெளுத்திருந்தது, வாய் காற்றுக்கு அலைந்தது.

“என்னங்க! என்ன செய்யுது? நெஞ்சு வலிக்குதா?” அவள் கத்தியதில் முன்வரிசை திரும்பியது.

நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்த பூவிழி எட்டிப் பார்த்தாள். “ஒண்ணும் இல்லக்கா, பயப்படாதீங்க. மொதத் தடவ ஏறுறவங்களுக்கு இப்படித்தான் இருக்கும். எனக்கும் இருந்துச்சு.”

“மொதத் தடவையா? அவரு ரெண்டு தடவை பாங்காக் போனவரு.”

பூவிழி கணவனைப் பார்த்தாள். இளையபெருமாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீலாம்பாள் விடவில்லை.

“அண்ணே, நீங்களும் அப்ப கூடப் போனீங்கதானே?”

“அண்ணி... அது வந்து...” அவர் தொண்டையைச் செருமினார். “அண்ணன் மொதத் தடவை மெட்ராஸ் ஏர்போர்ட் வரைக்கும் வந்தாரு. அப்புறம் ஆளக் காணோம். ரெண்டாவது தடவை அதுக்கும் வரல, அம்மாவுக்கு முடியலன்னு சொன்னாங்க. உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்?”

விமானம் மேகத்துக்குள் நுழைந்து குலுங்கியது. நீலாம்பாளுக்கு அந்தக் குலுக்கல் உறைக்கவே இல்லை. காதுக்குள் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம். பாங்காக் போகவில்லை. போகவே இல்லை. அப்படியென்றால் அந்தச் சோப்பு? அந்தக் கம்பளி? முகத்தைத் திருப்பிக்கொண்டு குளிக்கப் போனது? அவர் கண்ணை மூடி அவள் மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தார். அதை உதறவும் தோன்றவில்லை, ஆறுதல் சொல்லவும் தோன்றவில்லை. உடைந்த வளையல் துண்டு ஒன்று கையில் குத்தியிருப்பதை, கோலாலம்பூரில் இறங்கிய பிறகுதான் ரத்தத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

கோலாலம்பூர் விமான நிலையத்தில் மற்றவர்கள் கடை பார்க்கப் போனார்கள். நீலாம்பாள் ஒரு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். இராஜாங்கம் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

“எங்க போனீங்க?” என்று கேட்டாள்.

அவர் காலடியில் இருந்த பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

“மெட்ராஸ்ல லைன்ல நின்னேன் நீலா. எல்லாரும் உள்ள போறாங்க. எனக்கு ஏறவே பயமாப் போச்சு. பாத்ரூம் போறேன்னு போயி கதவச் சாத்திக்கிட்டு உக்காந்துட்டேன். அவங்க பேரு சொல்லிக் கூப்புடுறது மைக்குல கேக்குது. ஏந்திரிக்க முடியல.”

“அப்புறம்?”

“வீட்டுக்கு வந்துடலாம்னுதான் பஸ் புடிச்சு திருச்சி வந்து, காரைக்கால் பாசஞ்சர்ல ஏறுனேன். பூதலூர்ல வண்டி நின்னுச்சு. ஜன்னல் வழியாப் பாத்தா, வாசல்ல என் மூஞ்சி. கோட்டு சூட்டு, ஏரோப்ளேன். கீழ நம்ம பசங்க பேரு அத்தனையும். எப்படி எறங்குவேன்? வண்டி கெளம்பிருச்சு. அப்படியே நாகூர் போயிட்டேன்.”

“நாகூரா?”

“தர்கா பக்கத்துல ஒரு லாட்ஜ். கடற்கரைக்குப் போவேன், வருவேன். பக்கீர் முகம்மதுன்னு ஒரு பாய் கடை வச்சிருந்தாரு. சிங்கப்பூர், மலேசியாவுலேருந்து வர்ற சாமானெல்லாம் விப்பாரு. அவருகிட்டதான் எல்லாம் வாங்குனேன். எந்த ஊர்ப் பேருன்னு டப்பாவப் பாத்துக் கேட்டுடுவியோன்னு எனக்குப் பயம்.”

“ரெண்டாவது தடவை?”

“வேணாம்னு சொல்லியிருந்தா, ஏன்னு கேப்பாங்க. மொதத் தடவை கதையும் வெளிய வந்துரும். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கடையில உக்கார்றது? நேரா நாகூரே போயிட்டேன்.” பையின் வாரைச் சரிசெய்தார். “நீ அந்த ரூமுக்கு மாறுனப்பவே, ஒனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நினைச்சேன். யாரோ சொல்லிட்டாங்க, இவன் ஒரு கோழைன்னு நீ காறித் துப்பாம ஒதுங்கிக்கிட்டன்னு நினைச்சேன். அதான் கூப்புடல.”

நீலாம்பாள் அவரையே பார்த்தாள். அவர் பேசுவது தமிழ்தான், ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்த வார்த்தைதான். ஆனாலும் அது உள்ளே இறங்க நேரம் பிடித்தது. அவர் ஒன்றை நினைத்து ஒதுங்கியிருந்தார், அவள் ஒன்றை நினைத்து ஒதுங்கியிருந்தாள். நடுவில் எட்டு வருஷம் கேட்பாரில்லாமல் கிடந்திருக்கிறது.

“இப்ப மட்டும் எப்படி வந்தீங்க?”

“நீ வர்றேன்னு சொன்னியே.”

அதற்குமேல் அவளால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தாள். கடைகள், வெளிச்சம், பெட்டி இழுக்கிறவர்கள். எதிரே வந்த பூவிழி, “அக்கா, கையில ரத்தம்” என்று சொன்னபோது, “ஆமா” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருந்தாள்.

வியட்நாமில் முதல் இரண்டு நாள் அவள் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. சைகோனில் ஆறு போல ஓடிய மோட்டார் சைக்கிள்களைக் காட்டி எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். விடுதியில் சாம்பார் கிடைத்ததைக் கொண்டாடினார்கள். திருச்சி, கோயம்புத்தூர், மதுரை என்று எல்லாப் பக்கத்து டீலர்களும் ஜோடி ஜோடியாக வந்திருந்தார்கள். நீலாம்பாள் அத்தனை படங்களிலும் கணவனுக்கு அருகில் நின்றாள். ஒன்றில்கூட சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் மீகாங் ஆற்றுக்குக் கூட்டிப்போனார்கள். பழுப்புத் தண்ணீர், இரண்டு கரையிலும் தென்னை. படகு ஒரு தீவில் நின்றது. மற்றவர்கள் தேங்காய் மிட்டாய் காய்ச்சுவதைப் பார்க்கப் போக, இராஜாங்கம் படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்தார். கரையில் ஒருவர் இளநாற்றுக்கு உரம் வீசிக்கொண்டிருந்தார்.

“கை வீச்சப் பாரேன். சமமா விழுது” என்றார் அவர், பேச்சைத் தொடங்க வேண்டுமே என்று.

“நான் ரெண்டு தடவை ரத்தம் டெஸ்ட் பண்ணேன்” என்றாள் நீலாம்பாள்.

“என்ன டெஸ்டு?”

“நம்பிக்கை மையத்துல. நீங்க பாங்காக்குல போகக் கூடாத எடத்துக்கெல்லாம் போயிட்டு வந்தீங்கன்னு நினைச்சேன். அந்த நோவு வந்திருக்குமோன்னு. ரெண்டு தடவையும் தலைய மூடிக்கிட்டுப் போயி நின்னேன். நம்ம பக்கத்து ஆளு யாராவது பாத்துட்டா என்ன சொல்றதுன்னு, வயித்துவலின்னு சொல்லணும்னு வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன்.”

இராஜாங்கம் எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார். விமானத்தில் இருந்ததைவிட மோசமாக வெளுத்திருந்தது அவர் முகம்.

“என்னையா? என்னை அப்படியா நினைச்ச?”

“கேட்டதுக்கு ‘எல்லாந்தான்’னு சொன்னீங்க. நான் வேற என்ன நினைக்கிறது?”

“கூடப் பதினஞ்சு வருஷம் இருந்தவ நீ. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

“நீங்க சொல்லியிருக்கக் கூடாதா? பயமா இருந்துச்சு, திரும்பி வந்துட்டேன்னு சொன்னா நான் சிரிச்சிருப்பேன். சிரிச்சுட்டு காபி போட்டுக் குடுத்திருப்பேன். அவ்வளவுதானே நடந்திருக்கும்? அதுக்குப் போயா நாகூர்ல ஒளிஞ்சுக்கிட்டீங்க?” அவள் குரல் ஏறிவிட்டது. படகுக்காரப் பெண் பாஷை புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “என் முப்பத்தெட்டு வயசுலேருந்து இன்னிக்கி வரைக்கும் எங்க போச்சு? சொல்லுங்க. யாருகிட்ட போயி நான் கேக்குறது?”

அவர் தண்ணீர்ப் பக்கம் திரும்பித் தோள் குலுங்க அழுதார். அவர் அழுது அவள் பார்த்ததில்லை, அவருடைய அப்பா இறந்தபோதுகூட. அவளும் அழுதிருக்கலாம். அவளுக்கு வரவில்லை. திகைப்பு மட்டும் கல்லாக உள்ளே உட்கார்ந்திருந்தது.

அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. மறுநாளும் பேசவில்லை. இந்தத் தடவை கோபம் அவருடையது. தன்னைப் பற்றி அவள் அப்படி எண்ணியதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. நீலாம்பாளுக்கு அதுவும் ஒருவகையில் நல்லதாகவே பட்டது. எட்டு வருஷமாக அவர் கோபப்பட்டுக்கூடப் பார்க்கவில்லையே. திரும்பி வரும் விமானத்தில் அவருக்கு மறுபடி வியர்த்தது. இளையபெருமாள் நடுவில் உட்கார்ந்து, நெல் விலை, மோட்டார் கரண்டு என்று தரை இறங்கும்வரை அவரிடம் பேசிக்கொண்டே வந்தார்.

ஊருக்கு வந்த பிறகு சண்டை போட்டார்கள். கொஞ்சநஞ்சமில்லை. சோற்றுத் தட்டின் முன்னாலும், கடையில் ஆள் இல்லாத நேரத்திலும், மோட்டார் சைக்கிளில் போகும்போதும் போட்டார்கள். ‘நீங்கதான்’ என்று அவளும், ‘நீதான்’ என்று அவரும். ஒருநாள் சண்டையின் நடுவில் அந்த மைக் அறிவிப்பை அவர் நடித்துக் காட்டினார். “மிஸ்டர் ராஜாங்கன், மிஸ்டர் ராஜாங்கன்” என்று அவர் மூக்கால் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வெடித்தது. அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் பக்கத்தில் வந்து நின்றார். குறுவைக்கு விதை கேட்டு ஆட்கள் வரத் தொடங்கிய சமயத்தில், மகள் அறையிலிருந்த படுக்கையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு நீலாம்பாள் வெளியே வந்தாள்.

ஒரு விஷயம் மட்டும் அவர்கள் கையில் இல்லாமல் போனது. அன்று கண்ணைச் சிமிட்டிய வாடிக்கைக்காரர் ஒருநாள் மூட்டைமேல் உட்கார்ந்து, “வியட்நாமெல்லாம் சரி, பாங்காக் மாதிரி வருமா?” என்று இழுத்தார்.

இராஜாங்கம் எடைக்கல்லைக் கீழே வைத்தார். “நான் பாங்காக் போனதே இல்லண்ணே. ஏரோப்ளேன் ஏறப் பயந்துக்கிட்டு நாகூர் போயி ஒளிஞ்சிருந்தேன்.”

வாடிக்கைக்காரர் ஒரு கணம் விழித்தார். பிறகு நீலாம்பாளைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “புரியுது தம்பி, புரியுது. தங்கச்சி பக்கத்துல இருக்குதுல்ல?”

“சத்தியமாண்ணே.”

“நானும் பாங்காக் போனா, எங்க வீட்டுல நாகூர்னுதான் சொல்லுவேன்!”

“உண்மைதாண்ணே, அவரு போகல” என்றாள் நீலாம்பாள்.

“நீ நம்புறியே தங்கச்சி, அதுதான் பெருசு” என்று சொல்லிவிட்டு, துத்தநாக உரப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் சிரித்தபடியே போனார். அடுத்த வாரத்துக்குள் ‘நாகூர் போறியா’ என்பது அந்தச் சாலையில் ஒரு கேலியாகிவிட்டது. அது கடை வாசலிலேயே காதில் விழுந்தபோது நீலாம்பாள் கணவனைப் பார்த்தாள். அவர் கையை விரித்தார். அவள் பில் புத்தகத்தைப் பிரித்து, அடுத்து நின்றவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டாள்.